கொழும்புக்கு பஸ் ஏறும் முன்: பிடித்த வேலையைத் தேடிக்கொள்ளும் வழி

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதி முடித்துவிட்டு, "இனி என்னா செய்யப் போற?" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். வேலையில் இருந்துகொண்டே, காலையில் எழும்ப மனமில்லாமல் படுத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெறுபேறு வந்த மூன்றாம் நாளே ஊர்க்காரர் ஒருவரோடு புறக்கோட்டையில் ஓர் உடுப்புக்கடைக்கு வேலைக்குப் போனேன். அப்போது 19 வயது. நாலு வருஷம் துணி மடித்தேன். பிறகு ஊருக்கு வந்து 45,000 ரூபா கட்டி ஒரு டிப்ளோமா படித்தேன். அந்தச் சான்றிதழை எங்கே காட்டினாலும் செல்லவில்லை. இன்று மோட்டர் வைண்டிங் வேலை செய்கிறேன். தண்ணீர் மோட்டர், தேயிலை ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) காற்றாடி மோட்டர் எல்லாம் எரிந்துபோய் என்னிடம் வரும். பழைய கம்பியை உருவி, சுற்றை எண்ணி, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் போட்டுக் காயவைத்து ஓடவிடுவேன். ஓடத் தொடங்கும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே நான் காலையில் எழும்புகிறேன். இந்த இடத்துக்கு வந்து சேர 26 வயதாகிவிட்டது. 20 வயதிலேயே வந்திருக்கலாம். எனக்குப் போன ஆறு வருஷம் உங்களுக்கும் போகக்கூடாது.

1. இரண்டு வாரம் ஒரு கொப்பி எழுதுங்கள்

"உனக்கு என்ன ஆக விருப்பம்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பதில் வராது. டீச்சர், நர்ஸ், பேங்க் என்று மற்றவர்கள் சொன்னதைத்தான் நாமும் சொல்வோம். அந்தக் கேள்வியை விடுங்கள். 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, 14 நாளைக்கு இரவில் படுக்கும் முன் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். இன்று யாரும் சொல்லாமலே நான் செய்த வேலை எது? எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை? எதைத் தள்ளிப் போட்டேன்?

நான் இதை எழுதியது 24ஆம் வயதில், கடையை விட்டு வந்த பிறகு, ஞாபகத்திலிருந்துதான். நாலு வருஷத்தில் துணி விற்றது பற்றி எழுத ஒரு வரிகூட இல்லை. ஆனால் கடையின் சீலிங் ஃபேன் முனகியபோது ஏணி போட்டு ஏறியது, தங்கியிருந்த அறையின் தண்ணீர் மோட்டரை ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிப் பூட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக்கூட மறந்திருந்தேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேலை பிடிக்காதது வேறு, முதலாளி பிடிக்காதது வேறு, இடம் பிடிக்காதது வேறு. எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் நன்றாகச் சமைப்பார், சமையலை ரசிப்பார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் குசினி முதலாளி தூஷணத்தில் ஏசியதால், சமையல் தொழிலே வேண்டாம் என்று பெயின்ட் வேலைக்குப் போய்விட்டார். விட வேண்டியது அந்தக் குசினியை மட்டும்தான். இதன் மறுபக்கமும் உண்டு. கூட்டாளிமார் நல்லவர்கள் என்பதற்காகப் பிடிக்காத வேலையில் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தோட்ட வேலை உங்கள் கொப்பியில் வந்தால் வெட்கப்படாதீர்கள். என் மாமா கவ்வாத்து வெட்டினால் அந்தச் செடியைப் பார்க்கவே அழகாக இருக்கும். அவருக்கு அந்த வேலை உயிர். செடி, மண், கன்று வளர்ப்பது பிடித்தவர்களுக்கு விவசாயத்தில் சான்றிதழ்க் கற்கைநெறிகள் இருக்கின்றன. மலையில் வேலை செய்வது தாழ்வு என்று நமக்குச் சொல்லித் தந்தவர்களின் பேச்சைக் கேட்டு, கைக்குப் பிடித்ததை விட்டுவிட வேண்டாம். நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் தோட்ட வேலைக்கு, கிடைக்கும் சம்பளம் போதாது என்பது வேறு பிரச்சினை. அது உண்மையான பிரச்சினை. அதை வேலையின் மேல் உள்ள வெறுப்போடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

2. காசு கட்டும் முன் அந்த வேலைக்குள் பத்து நாள் நில்லுங்கள்

கொப்பியில் இரண்டு மூன்று தொழில்கள் தெரிய வரும். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ அந்தத் தொழில் செய்பவரிடம் போய், "அண்ணே, பத்து நாளைக்கு வந்து கூட நின்னு பாக்கவா? சம்பளம் வேணாம், கூட்டித் துடைச்சுக் குடுக்கிறேன்" என்று கேளுங்கள். நான் கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் மறுத்தார்கள். நாலாவது ஆள் சரியென்றார். அவர்தான் பிறகு எனக்குக் கம்பி சுற்றக் கற்றுத் தந்த பாஸ்.

செலவு பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். பத்து நாளைக்கு மேல் சம்பளமில்லாமல் நிற்காதீர்கள். சில இடங்களில் மாதக்கணக்கில் இழுப்பார்கள். ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: 2021 முதல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18. அதற்குக் குறைந்த வயதில் மெஷின் பக்கமோ கரண்ட் பக்கமோ நிற்க வேண்டாம்.

போகும்போது அந்தத் தொழிலின் மோசமான நேரத்தைப் பார்க்கப் பாருங்கள். பேக்கரி என்றால் அதிகாலை அடுப்பு மூட்டும் நேரம். ஹோட்டல் குசினி என்றால் நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலம். ஆஸ்பத்திரி வேலை என்றால் இரவு முறை. என் தொழிலில் அது கொழுந்து கூடின காலம். இரவு பத்து மணிக்கு ஸ்டோரிலிருந்து போன் வரும். மோட்டர் எரிந்துவிட்டால் வாட்டப் போட்ட கொழுந்து வீணாகிவிடும், விடியும் முன் ஓடவேண்டும். மழையில் நனைந்துகொண்டு போய், கறுப்புக் கிரீஸில் கை வைத்து, விடிய விடிய நின்றபோது எனக்கு அலுப்பு வந்தது, வெறுப்பு வரவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் பத்து நாள்.

என் தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆசை. தெரிந்தவர் வழியாக முதியோர் இல்லமொன்றில் ஒரு வாரம் நின்றாள். நாலாம் நாளே வந்து, "அண்ணா, எனக்கு அந்த வெள்ளை உடுப்புத்தான் புடிச்சிருக்கு, வேலை புடிக்கல" என்றாள். அம்மாவுக்கு அழுகை. ஆனால் மூன்று வருஷம் படித்த பிறகு சொல்லாமல் நாலாம் நாளே சொன்னாளே என்று நான் ஆறுதல் பட்டேன். இப்போது முன்பள்ளியில் இருக்கிறாள். பிள்ளைகள் நடுவில் இருந்தால் அவளுக்குப் பசி தெரியாது.

அங்கே இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாளில் கூடுதல் நேரம் எதில் போகிறது? எந்த மாதங்களில் வேலை குறையும்? இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் எதனால் விட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை ஊன்றிக் கேளுங்கள். "சம்பளம் எவ்வளவு?" என்பதைக் கடைசி நாளில் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

3. கடதாசிகளை இன்றே எடுத்துப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். நான் ஒரு பயிற்சி அனுமதியையே, அதாவது முழுதாக ஆறு மாதத்தை, இழந்தது இதனால்தான். என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் பதியப்பட்டது. அதில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து வேறு. அடையாள அட்டையில் இன்னொரு விதம். சாதாரண தரச் சான்றிதழில் மூன்றாவது விதம். நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இதே கதை.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். மற்ற எல்லாமே அதைப் பார்த்துத்தான் வரும். பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகங்கள் இருந்தன, இப்போது நோர்வூட், தலவாக்கலை என்று பிரிந்து 10 ஆகியிருக்கின்றன. உங்கள் பழைய பதிவுப் புத்தகம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் வீண், வீட்டில் ஒரு நாள் பேரும் வீண். குறைந்தது மூன்று பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை லெமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்கிறோம், பல அலுவலகங்களில் அதை ஏற்பதில்லை.

பெயரில் சின்ன எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். அதை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும் இடத்தில் முதலில் கேளுங்கள். பெயரே மாறியிருந்தால், பிறந்த திகதி பிழையென்றால், பதிவையே திருத்த வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் தொடங்கக்கூடாது, இப்போதே தொடங்க வேண்டும். அலுவலக வாசலில், "நான் கெதியா முடிச்சுத் தாறேன்" என்று வரும் ஆட்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு.

அடையாள அட்டை இல்லாதவர்கள், பாடசாலையில் இருக்கும்போதே அதிபர் மூலம் விண்ணப்பிப்பது லேசு. வெளியே வந்துவிட்டால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் போக வேண்டும். சான்றிதழ் சிங்களத்தில் இருந்து, ஆங்கிலத்திலோ தமிழிலோ கேட்டால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் மொழிபெயர்க்க வேண்டும். பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசம். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை மட்டும் கடைசியில் எடுங்கள், பழையதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக, கடிதம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து, அங்கே கிடந்து, திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் நமக்குப் புதிதல்ல. விண்ணப்பத்தில் போன் நம்பரை இரண்டு போடுங்கள். முடிந்தால் டவுனில் தெரிந்த கடையொன்றின் விலாசத்தை, அவர்களிடம் கேட்டுவிட்டு, தபால் விலாசமாகக் கொடுங்கள். விண்ணப்பித்து மூன்று வாரமாகியும் சத்தம் இல்லையென்றால் நீங்களே போன் எடுங்கள்.

4. பாதையைத் தெரிவு செய்யுங்கள்

உயர்தரம் சித்தியில்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் நான் துணிக்கடைக்குப் போனேன். என்.வி.கியூ. என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை. அது தேசிய தொழிற்தகைமை. மட்டம் 1இலிருந்து 7 வரை உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மட்டம் 4 வைத்திருப்பவர் தன் தொழிலை முழுமையாகத் தெரிந்தவர் என்று பொருள். வயரிங், வெல்டிங், தையல், சமையல், பேக்கரி, அழகுக்கலை, கணினி, வாகனம் திருத்துதல், முன்பள்ளி என்று பட்டியல் நீளம்.

இதை அரசாங்க நிலையங்களிலேயே படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் நிலையங்கள் உண்டு. கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வகுப்பறையைவிட வேலைத்தளத்தில் கற்க விரும்புபவர்கள் நைட்டாவில் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில்) பயிலுநராகச் சேரலாம். முழுநேரக் கற்கைநெறிகள் பெரும்பாலும் இலவசம், அல்லது சின்னப் பதிவுக் கட்டணம். வருஷத்தில் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பிரிவு தொடங்கும், அதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் கோருவார்கள். பயிற்சி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், அதன் பிறகு வேலைத்தளப் பயிற்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே என்ன இருக்கிறது என்று அலைய வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய கடமை. கொப்பியோடு போய் உட்காருங்கள். அல்லது 1919க்குப் போன் செய்யுங்கள், அது அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசுவார்கள்.

"வகுப்பு எந்த மொழியில்?" இதைச் சேரும் முன் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் தெரியாமல் சேர்ந்து இரண்டாம் வாரமே நின்றுபோனவர்களைத் தெரியும். எனக்குக் கடைச் சிங்களம் இருந்தது, அதனால் சமாளித்தேன். மதிப்பீட்டைத் தமிழில் செய்யலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே வேலை தெரியும், கடதாசி இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். கொழும்பில் ஐந்து வருஷம் மேசனாகவோ வயரிங்காரராகவோ வேலை செய்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் வந்திருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் திரும்ப வகுப்பில் உட்காரத் தேவையில்லை. வேலை செய்ததற்கான ஆதாரங்களோடு விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் உங்களைக் கேள்வி கேட்டு, செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, தகுதியான மட்டத்தைத் தருவார். நான் மட்டம் 3 எடுத்தது இப்படித்தான். பாஸிடம் ஒன்றரை வருஷம் நின்ற பிறகு.

மற்றப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்பிப்பது பிடித்தவர்கள், உயர்தரப் பெறுபேறு இருந்தால், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷம் கல்லூரியில், ஒரு வருஷம் பாடசாலையில். ஹோட்டல், சுற்றுலா பிடித்தவர்களுக்கு இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளைகள் கண்டியிலும் பண்டாரவளையிலும் உண்டு, கட்டணம் இருக்கும். அரசாங்க வேலைக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியில் வரும், தமிழிலும் வரும். வாராவாரம் பாருங்கள், ஆனால் அதற்காகவே வீட்டில் காத்திருக்காதீர்கள். காத்திருந்தே வயதெல்லை தாண்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

5. தனியார் நிறுவனத்தில் சேருகிறீர்களா? இதை வாசித்துவிட்டுச் சேருங்கள்

நான் காசு கட்டிய இடத்தில் பளபளப்பான பலகை, கழுத்துப் பட்டி கட்டிய சேர், பட்டமளிப்புப் படங்கள் எல்லாம் இருந்தன. "நாங்க அரசாங்கத்தில பதிஞ்ச இடம்" என்றார்கள். அது பொய்யில்லை. நிறுவனம் பதியப்பட்டிருந்தது. நான் படித்த கற்கைநெறிக்குத் தரச்சான்று இருக்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு என்ற அரசாங்க அமைப்புத்தான் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனியாகத் தரச்சான்று கொடுப்பதும் அதுதான். அதன் இணையதளத்தில் இரண்டையும் பார்க்கலாம். நிறுவனத்தின் பதிவு இலக்கம், நீங்கள் சேரப்போகும் கற்கைநெறியின் தரச்சான்று, அது எந்தத் திகதி வரை செல்லும் என்று மூன்றையும் கேளுங்கள். "முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, உங்கள் சொந்தச் சான்றிதழா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். "இன்றைக்குக் கட்டினால் பாதிக் காசு" என்று சொன்னாலும் அன்றைக்குக் கட்டாதீர்கள்.

6. வீட்டோடு காசுக் கணக்குப் பேசுங்கள்

பிடித்த வேலைக்குப் போவதற்கு வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அது வரைக்கும் வீட்டை யாரு பாக்குறது?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. கோபப்படாமல், கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். பஸ் எவ்வளவு (பயிலுநர்களுக்குச் சீசன் டிக்கெட் கிடைக்குமா என்று நிலையத்தில் கேளுங்கள்), சாப்பாடு, தங்குமிடம், கருவிகள், உடுப்பு. எத்தனை மாதம். அந்த மாதங்களில் உங்களால் வீட்டுக்குக் கொடுக்க முடிந்தது எவ்வளவு. நான் சனி, ஞாயிறுகளில் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கினேன், அம்மாவிடம் மாதம் 6,000 ரூபா கொடுத்தேன். தொகை சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் கொடுத்ததால் வீட்டில் பேச்சு வரவில்லை.

தாலிக்கொடியை அடகு வைத்துப் படிக்க வேண்டிய கற்கைநெறி என்று ஒன்று இல்லை. குழுக் கடன் எடுத்துப் படிக்கவே வேண்டாம். வாரத் தவணை வாசலில் வந்து நிற்கும்போது, பிடித்த வேலையைத் தேடும் பொறுமை இருக்காது, கிடைத்த வேலைக்கு ஓடத்தான் தோன்றும். காசு போதவில்லையென்றால் ஓர் அனுமதியைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம் உழைத்துச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதாக இருந்தால், வாடகை முற்பணம் கட்டும் முன் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போய் இடத்தைப் பாருங்கள். இரவு பஸ் எத்தனை மணி வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வேலை கிடைத்ததும் முதல் நாளில் கேட்க வேண்டியவை

எவ்வளவு பிடித்த வேலையாக இருந்தாலும், சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் அது கசந்துவிடும். "வேலை கத்துத் தாறேனே, சம்பளம் எதுக்கு?" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆர்வத்தை வைத்தே உங்களைச் சுரண்டுவார்கள்.

நியமனக் கடிதம் கேளுங்கள். நான் நாலு வருஷம் அது இல்லாமலே இருந்தேன், வெளியே வரும்போது அங்கே வேலை செய்தேன் என்பதற்கே சாட்சியில்லை. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா. கடை, அலுவலக வேலையென்றால் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் வெட்டக்கூடாது. 40,000 ரூபா சம்பளமென்றால் உங்கள் பக்கம் 3,200, அவர் பக்கம் 4,800உம் 1,200உம். வெட்டுகிறார்கள் என்பதற்காகக் கட்டுகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அங்கத்தவர் இலக்கத்தை வாங்கி, கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

அடையாள அட்டையின் மூலத்தையோ கல்விச் சான்றிதழ்களையோ யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பிரதி கொடுங்கள், பிரதியின் குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்று எழுதுங்கள். உள்ளூர் வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, நீங்கள் போகும் அந்த வேலைக்கே அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டுவிட்டே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.

8. முதல் ஆறு மாதம்

பிடித்த வேலையும் ஆரம்பத்தில் பிடிக்காது. எனக்கு முதல் இரண்டு மாதம் கம்பி அறுந்தது, சுற்று எண்ணிக்கை பிழைத்தது, நான் சுற்றிய முதல் மோட்டர் பத்து நிமிஷத்தில் புகைந்தது. துணிக்கடையே மேல் என்றுகூட ஓர் இரவு நினைத்தேன். கை பழகாத காலத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிழைக்கும். ஆறு மாதம் வரை விடுவதா இருப்பதா என்று யோசிக்காதீர்கள். அடி, தூஷணம், தொட்டுப் பேசுவது, பாதுகாப்பில்லாமல் மெஷினில் நிற்கச் சொல்வது, இரண்டு மாதம் சம்பளம் நிற்பது: இவற்றில் ஒன்று நடந்தால் மட்டும் அன்றே வெளியே வாருங்கள்.

ஆறாம் மாதம் பழைய கொப்பியை எடுத்து, இன்னொரு 14 நாள் அதே மூன்று கேள்விகளுக்கு எழுதுங்கள். முதல் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தள்ளிப் போட்டவை கூடியிருந்தால், 2ஆம் படிக்குத் திரும்பிப் போகலாம். கடதாசிகள் இப்போது சரியாக இருக்கின்றன, ஆகவே இந்த முறை இவ்வளவு காலம் எடுக்காது. என் தங்கச்சி அப்படித்தான் இரண்டாவது தடவையில் முன்பள்ளிக்குப் போனாள்.

பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், செய்யும் வேலைகளைப் போனில் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். எரிந்து வந்தபோது ஒன்று, முடித்த பிறகு ஒன்று. தையலென்றால் தைத்த உடுப்பு, சமையலென்றால் தட்டு. மாதமொரு முறை பத்துப் படத்தை அச்செடுத்துக் கொப்பியில் ஒட்டி, யாருக்குச் செய்தது, என்ன பிழை இருந்தது, எத்தனை நாள் எடுத்தது என்று கீழே எழுதுங்கள். அடுத்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதுவே ஆதாரம். திகதியை மறக்காமல் போடுங்கள். என் மதிப்பீட்டாளர் படங்களைப் பார்க்கும் முன்பே முதலில் கேட்டது அந்தத் திகதிகளைத்தான்.